தவணை

இன்று தவணை: நானூற்றுப் பன்னிரண்டு
என்கிறது போன்.
நேற்று ஒரு அட்டையும் புரட்டவில்லை, கச்சான் பிடுங்கினோம்.
முந்தநாள் மழை, கரண்ட் இல்லை.
காரணம் கேட்கிற வழக்கம் அதற்கில்லை.
கூட்டிவைத்துக் காத்திருக்கும்.

முத்தையன்கட்டு இடதுகரை.
காயவிட்ட கச்சானுக்குப் பக்கத்தில்
உரப்பையை விரித்து இருக்கிறேன்.
முன்பக்கம் கேள்வி. தொட்டால் பின்பக்கம் பதில்.
இரண்டுக்கும் நடுவில் திணறுகிற அந்த ஒரு மூச்சுத்தான் படிப்பு
என்பாள் இஷாரா.
மாத்தறையில் இருந்து அவள் அனுப்பிய கட்டு இது,
ஆறாயிரம் அட்டை,
இடைக்கிடை எனக்கு விளங்காத ஒரு சிங்களப் பகிடி.

தோள்பட்டை நரம்புப் பின்னல்:
வேர் ஐந்து, தண்டு மூன்று,
ஏய், போ! குரங்கு.
தண்டு மூன்று, பிரிவு ஆறு,
ஏய்!
பிரிவு ஆறு, வடம் மூன்று,
வாய் நிறையக் கச்சானோடு
பாலை மரத்தில் இருந்து அது என்னைப் பார்க்கிறது,
வாய்மொழிப் பரீட்சைக்கு வந்த பேராசிரியர் மாதிரி.

சரியாகச் சொன்னால்
அட்டை நாலு நாள் தள்ளிப்போகும்.
பிறகு பத்து. பிறகு ஒரு மாதம்.
நான் மறக்கப்போகிற நாளுக்கு முதல்நாள்
வந்து வாசலில் நிற்கும்.

அம்மாவின் அட்டை அப்படியில்லை.
இளநீலம், மூலை மடிந்தது,
செவ்வாய்க்குச் செவ்வாய்.
முப்பத்தொரு கிழமை பிழையில்லாமல் கட்டியும்
முப்பத்திரண்டாவது செவ்வாய்
ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.
இந்தப் போனும் அந்த அட்டைக்குள்தான் இருக்கிறது.
தண்ணி மோட்டருக்கென்று எழுதி எடுத்த காசு.

கூட்டத்துக்கு நானும் போனேன், அங்கே சிக்னல் இருக்கும்.
துவாரகனை ஆரோ பின்னால் ஏற்றிவந்து இறக்கினார்கள்.
வலது கை மணிக்கட்டோடு தொங்கியது,
பிழிந்து கொடியில் போட்ட காலுறை போல.
"கையெழுத்துப் போடேலாமக் கிடக்கு" என்றான்.
பதினொரு பெண்களும் பேசவில்லை.
ஒருத்தி மட்டும் முந்தானைக்குள் சிரித்தாள்.

மணிக்கட்டு விழுந்துவிட்டது. எந்த நரம்பு?
பெருவிரல் தானாகத் திரையைத் தேடியது.
ஆனால் இந்த அட்டை வியர்த்திருந்தது,
புது மோதிரம் போட்டிருந்தது,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஞாயிறு இரவு எப்பிடிப் படுத்தனீங்கள்?"

வெட்கப்பட்டான்.
கூட்டாளியின் கலியாணம், கொஞ்சம் கூடிப்போச்சு,
கதிரைச் சட்டத்துக்கு மேலாலை கையைப் போட்டபடி நித்திரை.
மேற்கை எலும்பைச் சுற்றி ரேடியல் நரம்பு ஓடுகிற இடம்.
நசிந்திருக்கும்.

"நான் இன்னும் டொக்டர் இல்லை.
மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, இண்டைக்கே.
அனேகமாத் திரும்பி வரும்."
"எத்தினை நாளிலை?"
பின்பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன்:
ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை.

இடது கை விரல்களில் எண்ணினான்.
"எட்டுத் தவணை" என்றான்
தன் கையைப் பார்த்து.
முந்தானைக்குள் இருந்த சிரிப்பு நின்றது.

பிறகு இடது கையால் காசை வாங்கினான்,
ஒரு நூறு ரூபாய் குறையுது என்றான், அம்மா கொடுத்தாள்.
முப்பத்திரண்டாவது கட்டத்தில்
பாலர் வகுப்புப் பிள்ளை கீறினது போல ஒரு கையெழுத்து.

திரும்பி வரும்போது அம்மா கேட்டாள்:
"எட்டெண்டு ஏன் சொன்னனீ?
பன்னிரண்டு எண்டிருக்கலாமே."
சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.

இரவு, நுளம்பு வலைக்குள்,
நூற்றிருபத்திரண்டாவதாக அந்த அட்டை வந்தது.
தெரியும்.
'எளிது' என்று அழுத்தினால் ஒரு மாதம் வராது.
அழுத்தாமல், பின்பக்கத்தைத் திறந்து
இஷாராவின் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தேன்:
எப்படிப் படுத்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

மிச்சம் இருநூற்றுத் தொண்ணூறு.